மைன்ஸ்வீப்பர் வெறும் அதிர்ஷ்டமா, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா?

மஸ்கெலியா மிஸ்:

வணக்கம். மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒரு பழைய கம்பியூட்டர் இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி, இன்டர்நெட் கிடையாது, மழைக்காலத்தில் போனுக்கே சிக்னல் சரியாக இல்லாத இடம். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் உட்காருவது அதில் இருக்கும் மைன்ஸ்வீப்பரில்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டம் கட்டமாக ஒரு பலகை, சில கட்டங்களுக்கு அடியில் வெடி. ஒரு கட்டத்தைத் திறந்தால் ஒரு எண் வரும், அதைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் எத்தனை வெடி என்று அந்த எண் சொல்லும். சுற்றிலும் ஒன்றுமே இல்லையென்றால் கட்டம் வெறுமையாக வந்து பக்கத்துக் கட்டங்களும் தானாகவே திறந்துவிடும். வெடி இல்லாத கட்டங்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் வெற்றி. விதி அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை தரம் 9 பிள்ளை ஒருத்தி விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் 1, 2, 1 என்று எண்கள் வரிசையாக நின்றன, அவற்றுக்கு மேலே திறக்காத வரிசை. அவள் கொஞ்சமும் தயங்காமல் 2க்கு நேர் மேலே இருந்த கட்டத்தைத் திறந்தாள். "என்ன பிள்ளை, பெரிய எண்ணுக்கு மேலேயே கை வைக்கிறாய்?" என்று கேட்டேன். "மிஸ், 1 2 1 வந்தால் நடுவில் வெடி இருக்கவே முடியாது, ரெண்டு பக்கத்திலும்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு 1களுக்கும் மேலே, இங்கே வெடி என்று குறிக்கும் கொடியை நட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் அவள் என்னைக் கேட்டதைத்தான் இங்கே கேட்கிறேன். எந்தப் பலகை வந்தாலும் யோசித்தே முடிக்க முடியுமா, இல்லை எங்கேயாவது குருட்டாம்போக்கில் ஒரு கட்டத்தைத் திறந்தே ஆக வேண்டுமா? இதற்குச் சரியான பதில் சொல்ல ஆசை. வாசிகசாலைக்காரர்கள் வேறு "பிள்ளைகள் நேரத்தை வீணாக்குகிறார்கள், கேம் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்கிறார்கள். எனக்கு அழிக்க மனமில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பண்டாரவளை பனி:

மிஸ், முதலில் அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். தானாக 1 2 1 கண்டுபிடிப்பது சின்ன விஷயமில்லை, வருடக்கணக்காக விளையாடியும் அந்த இடத்தில் நின்று யோசிக்காதவர்கள் நிறையப் பேர்.

அது ஏன் சரி என்பதைப் பார்ப்போம். நடுவில் வெடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இடது 1க்கும் பக்கம், வலது 1க்கும் பக்கம். அப்படியென்றால் இரண்டு 1களும் அந்த ஒரு வெடியோடு நிறைந்துவிட்டன, அவற்றைச் சுற்றி வேறு வெடி வர முடியாது. ஆனால் நடுவில் இருக்கும் 2 இன்னும் ஒரு வெடி கேட்கிறது, அதற்கு இடமே இல்லை. ஆகவே நடு காலி, இரண்டு பக்கமும் வெடி. 1 2 2 1 வந்தால் நேர்மாறாக வரும், 2களுக்கு மேலே வெடி, 1களுக்கு மேலே காலி. இதையும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும், "1 2 2 1 வந்தால் என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே ஒரு வேலை, கழித்தல். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்களை எடுங்கள். திறந்த கட்டங்களும் திறக்காத கட்டங்களும் சந்திக்கும் ஓரம் நேராக இருந்தால் ஒவ்வொன்றும் மேலே மூன்று கட்டங்களைப் பார்க்கும், அதில் இரண்டு கட்டம் இருவருக்கும் பொது. கணிதப் பாடத்தில் தொடைகளும் (sets) அவற்றின் பொதுப் பகுதியான இடைவெட்டும் படிக்கிறார்கள்தானே, அச்சொட்டாக அதேதான். 1ம் 2ம் பக்கத்தில் நின்றால், பொதுவான இரண்டு கட்டத்தில் அதிகபட்சம் ஒரு வெடிதான் இருக்கலாம், ஏனென்றால் 1 அதற்கு மேல் விடாது. அப்போது 2க்கு மட்டும் தெரியும் மூன்றாவது கட்டத்தில் வெடி இருந்தே ஆக வேண்டும். பலகையின் சுவரோரமாக 1 1 என்று ஆரம்பித்தால், முதல் 1 பார்ப்பது இரண்டே கட்டம், அந்த இரண்டையும் அடுத்த 1ம் பார்க்கிறது, ஆகவே மூன்றாவது கட்டம் காலி. கொடி நட்ட வெடியை எண்ணிலிருந்து கழித்துவிட்டுப் பார்க்கவும் பழக்குங்கள்: கொடி ஒன்றைத் தொட்டு நிற்கும் 3 உண்மையில் 2தான், 2 உண்மையில் 1தான். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் 4ம் 3ம் கலந்து நின்று பயமுறுத்தும் இடங்களிலும் அதே 1 2 1 ஒளிந்திருப்பது தெரியும்.

இன்னொன்று, ஒரு எண்ணுக்குத் தேவையான கொடி எல்லாம் நட்டாகிவிட்டால் அந்த எண்ணின் மேல் மௌஸின் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். மிச்சக் கட்டங்கள் ஒரே தடவையில் திறக்கும். கொடி தப்பாக நட்டிருந்தால் வெடிக்கும், அதனால் கவனமும் பழகும்.

தலவாக்கலை நைட் ஷிஃப்ட்:

பண்டாரவளை அண்ணா சொல்வதெல்லாம் சரி. ஆனால் மிஸ் கேட்டது வேறு. அதற்கு நேரடியான பதில்: முடியாது. பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன், இடைவேளையில் போனில் இதைத்தான் விளையாடுவேன். 9க்கு 9 பலகையில் 10 வெடி, அதில் யோசித்தே பெரும்பாலும் முடித்துவிடலாம். 16க்கு 16ல் 40 வெடி, அதுவும் பரவாயில்லை. எக்ஸ்பர்ட் என்று ஒன்று இருக்கிறதே, 30க்கு 16, 99 வெடி, ஏறக்குறைய ஐந்து கட்டத்துக்கு ஒரு வெடி, அங்கேதான் விஷயம். முந்நூற்றைம்பது கட்டத்துக்கு மேல் ஒவ்வொன்றாக நியாயமாக யோசித்துத் திறந்துகொண்டு வருவீர்கள், கடைசியில் ஒரு மூலையில் இரண்டே இரண்டு கட்டம் மிஞ்சும், ஒன்றில் வெடி, ஒன்றில் இல்லை, சுற்றியுள்ள எல்லா எண்ணும் இரண்டையும் சமமாகப் பார்க்கிறது. எத்தனை மணி நேரம் யோசித்தாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது. அவ்வளவு உழைப்பையும் ஒரு பூவா தலையாவில் போட வைக்கிற விளையாட்டை ஆழமான விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? எனக்கு அது இன்றுவரை வேதனைதான். அப்படி ஒரு பலகையைக் கொடுத்ததே விளையாட்டின் குறை, விளையாடுகிறவரின் குறையில்லை.

பேராதனை ஹட்டன் தம்பி:

நைட் ஷிஃப்ட் அண்ணா, அந்தக் கடைசி இரண்டு கட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி வேறு எந்தத் தகவலாலும் உடையாத இடம் என்று தெரிந்துவிட்டால் கடைசிவரை தள்ளிப்போடாமல் கண்ட உடனேயே ஒன்றைத் திறந்துவிடுவதுதான் நல்லது. எப்படியும் பாதிக்குப் பாதிதான், உழைத்து முடித்துவிட்டு வெடிப்பதைவிட முதலிலேயே வெடித்தால் அடுத்த பலகைக்குப் போகலாம்.

ஆனால் பாதிக்குப் பாதி மாதிரித் தெரிகிற எல்லா இடமும் பாதிக்குப் பாதி இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விளையாட்டின் உண்மையான ஆழம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம். எண்களை வைத்து யோசித்துக்கொண்டு போகிறீர்கள், ஓரத்தில் இரண்டு விதமான அமைப்பு மட்டுமே சாத்தியம் என்று வந்துவிட்டது. ஒன்றில் 2 வெடி போதும், மற்றதில் 3 வெடி வேண்டும். இரண்டும் எண்களுக்குப் பொருந்துகின்றன. உடனே "இரண்டு வழி, ஆகவே பாதி பாதி" என்று தோன்றும். அப்படியில்லை. பலகையின் மற்றப் பக்கத்தில் 100 கட்டம் திறக்காமல் இருக்கிறது என்று வையுங்கள். ஓரத்தில் 3 வெடி என்றால் அந்த 100ல் 20 வெடி மிஞ்சும், ஓரத்தில் 2 என்றால் 21 மிஞ்சும். 100 கட்டத்தில் 21 வெடியை வைக்கக்கூடிய வழிகள், 20 வெடியை வைக்கக்கூடிய வழிகளைப் போல 80/21 மடங்கு, கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஒவ்வொரு முழுப் பலகையும் சம வாய்ப்போடுதான் வருகிறது என்பதால், குறைந்த வெடி உள்ள அமைப்புதான் 100க்கு 79 தடவை உண்மையாக இருக்கும். ஓரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, தூரத்தில் திறக்காமல் கிடக்கும் கட்டங்கள்தான் இதைச் சொல்கின்றன. நான் முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் கிளிக்கிலும் இதே கதை. எக்ஸ்பியில் முதல் கிளிக் வெடிக்காது, அங்கே வெடி இருந்தால் அதை எடுத்துப் பலகையின் இடது மேல் மூலைக்கு மாற்றிவிடும். ஆனால் வெடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, வெறும் கட்டமாக வந்து பெரிதாகத் திறந்தால்தான் யோசிக்க எண்கள் கிடைக்கும். எக்ஸ்பர்ட் பலகையில் நடுவில் கிளிக் பண்ணினால் சுற்றிலும் 8 கட்டம் காலியாக இருக்க வேண்டும், அதற்கு வாய்ப்பு சுமார் 16 வீதம். சுவரோரம் 5 கட்டம், சுமார் 31 வீதம். மூலையில் 3 கட்டம்தான், 50 வீதம். எல்லாரும் நடுவில்தான் ஆரம்பிப்பார்கள், மூலையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மிஸ், நிகழ்தகவு படிப்பிக்கும்போது பெட்டிக்குள் சிவப்புப் பந்து நீலப் பந்து என்றுதான் எப்போதும் ஆரம்பிக்கிறோம். இதைவிட நல்ல உதாரணம் அந்த வாசிகசாலைக் கம்பியூட்டரிலேயே இருக்கிறது. தயவுசெய்து அழிக்க விடாதீர்கள்.

கொழும்பில் நுவரெலியாக்காரன்:

நல்ல இழை இது. மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை, அதனால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, நைட் ஷிஃப்ட் அண்ணாவுக்கு. உங்கள் வேதனைக்கு மருந்து இருக்கிறது. சைமன் டேத்தம் என்ற பிரித்தானியர் எழுதிய புதிர்த் தொகுப்பு ஒன்று உண்டு, இலவசம், விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் வேண்டாம். அதில் 'மைன்ஸ்' என்று இருக்கும். நீங்கள் முதல் கட்டத்தைத் திறந்ததும் அது ஒரு பலகையை உருவாக்கி, அங்கேயிருந்து யோசித்து மட்டுமே முடிக்க முடிகிறதா என்று தானே விளையாடிப் பார்க்கும், முடியவில்லையென்றால் வெடிகளை மாற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் உங்களுக்குக் கொடுக்கும். அதில் வெடித்தால் முழுப் பொறுப்பும் நம்முடையது. நான் அதற்கு மாறிய பிறகு பழையதற்குத் திரும்பவில்லை.

இரண்டாவது, ஆழம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு. 2000ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் கேய் என்ற கணிதவியலாளர் இந்த விளையாட்டைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாதி திறந்த பலகை ஒன்றைக் கொடுத்து, "இந்த எண்களுக்குப் பொருந்துகிற மாதிரி வெடிகளை எப்படியாவது வைக்க முடியுமா?" என்று கேட்பது, கணினி அறிவியலில் என்பி-முழுமை என்று சொல்லப்படும் மிகக் கடினமான கேள்விகளின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். எவ்வளவு பெரிய பலகையாக இருந்தாலும் அதை வேகமாகத் தீர்க்கிற ஒரு பொது முறையை யாராவது கண்டுபிடித்தால், கிளே கணித நிறுவனம் அதே 2000ல் பத்து லட்சம் டொலர் பரிசு அறிவித்த கேள்விகளில் ஒன்றுக்கு அது விடையாகிவிடும். 1992ல் விண்டோஸ் 3.1 உடன் வந்து, மௌஸ் பிடிக்கத் தெரியாதவர்கள் கைபழகிக்கொண்ட ஒரு விளையாட்டுக்குள் இது இருக்கிறது.

ஆகவே மிஸ், பிள்ளையின் கேள்விக்கு என் பதில்: எல்லாப் பலகையையும் யோசித்தே முடிக்க முடியாது, ஆனால் எங்கே யோசனை முடிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரிய யோசனை.

மஸ்கெலியா மிஸ்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. வாசிகசாலைக்காரர்களிடம் தொடைகளையும் நிகழ்தகவையும் சொல்லிப் பேசினேன், இப்போதைக்கு அழிக்கவில்லை, வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் என்று முடிவாகியிருக்கிறது. ஹட்டன் தம்பி சொன்ன மூலைக் கணக்கைப் பிள்ளைகளே கரும்பலகையில் செய்து பார்த்தார்கள்.

ஒரு சிக்கல் மட்டும். கம்பியூட்டர் ஒன்றுதான், பிள்ளைகள் நிறைய. கரண்ட் போனால் அதுவும் இல்லை. கடதாசியில் வைத்துச் செய்யக்கூடிய மாதிரி ஏதாவது இருக்கிறதா? சும்மா பலகையை வரைந்து கொடுப்பதில்லை, அவர்களே ஏதாவது கண்டுபிடிக்கிற மாதிரி.

பண்டாரவளை பனி:

இருக்கிறது மிஸ். இரண்டே வரிசை உள்ள ஒரு பட்டையை வரையச் சொல்லுங்கள். கீழ் வரிசை முழுக்கத் திறந்தது, எல்லாக் கட்டத்திலும் 1. மேல் வரிசை முழுக்க மூடியது. முழுப் பலகையே அவ்வளவுதான், இரண்டு பக்கமும் சுவர். நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள்: 2 கட்டம், 3 கட்டம், 4 கட்டம் என்று. ஒவ்வொன்றிலும் கேள்வி ஒன்றுதான், வெடி எங்கே என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

மூன்று கட்டத்தில் நடுவில்தான் வெடி, வேறு வழியில்லை. நாலு கட்டத்தில் இரண்டு நுனியிலும். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மஸ்கெலியா மிஸ்:

செய்து பார்த்தோம்! இரண்டு கட்டத்தில் சொல்ல முடியவில்லை. 3, 4ல் முடிந்தது. 5 கட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள், 1வதிலும் 4வதிலும் வெடி வைத்தாலும் சரியாக வருகிறது, 2வதிலும் 5வதிலும் வைத்தாலும் சரியாக வருகிறது. 6, 7 மறுபடி முடிகிறது. 8ல் மறுபடி முடியவில்லை. 2, 5, 8 என்றதும் ஒரு பையன் "அடுத்தது 11 மிஸ்" என்று கத்தினான். வரைந்து பார்த்தால் 11ம் அப்படித்தான். மொத்த வெடிகளின் எண்ணிக்கையைச் சொன்னாலாவது உதவுமா என்று பார்த்தோம், இரண்டு வழியிலும் அதே எண்ணிக்கைதான் வருகிறது. நீளம் கூடக் கூடக் கஷ்டமாகும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஏன் மூன்று மூன்றாகத் தாவுகிறது?

பேராதனை ஹட்டன் தம்பி:

மிஸ், அந்தப் பையனையும் அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்!

காரணம் இதுதான். இடது பக்கத்திலிருந்து மேல் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். முதல் எண் பார்ப்பது 1, 2ஆம் கட்டங்களை. இரண்டாவது எண் பார்ப்பது 1, 2, 3ஐ. இரண்டும் 1 என்பதால் 3ஆம் கட்டம் காலி. அடுத்தது, இரண்டாவது எண் 1, 2, 3ஐயும் மூன்றாவது எண் 2, 3, 4ஐயும் பார்க்கிறது, இரண்டும் சமம், பொதுவான 2, 3ஐக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 1ம் 4ம். ஆகவே 1ல் வெடி இருந்தால் 4லும் இருக்கும், இல்லையென்றால் இரண்டிலும் இல்லை. அதேபோல் 2ம் 5ம் ஒன்று, 3ம் 6ம் ஒன்று. 3 காலி என்பதால் 6, 9 எல்லாம் காலி.

இப்போது வலது சுவரிலிருந்து அதே வேலையைச் செய்தால், கடைசியிலிருந்து மூன்றாவது கட்டம் காலி என்று கிடைக்கும். பட்டை 6 என்றால் அது 4ஆம் கட்டம். 4 காலியென்றால் 1ம் காலி, ஆகவே வெடி 2ல், அப்புறம் 5ல். முடிந்தது. பட்டை 7 என்றால் 5ஆம் கட்டம் காலி, ஆகவே 2ம் காலி, வெடி 1, 4, 7ல். ஆனால் பட்டை 5 என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது அதே 3ஆம் கட்டம், அது காலி என்று ஏற்கெனவே தெரியும். 8 என்றால் 6, அதுவும் தெரிந்ததுதான். வலது சுவர் புதிதாக ஒன்றுமே சொல்லவில்லை, அதனால்தான் முடிக்க முடியவில்லை.

தலவாக்கலை நைட் ஷிஃப்ட்:

இடைவேளையில் லெஜர் தாளில் நானும் போட்டுப் பார்த்தேன். 5 கட்டத்தில் இரண்டு வழியும் கண் முன்னே நிற்கிறது. முடியாது என்பதையும் இப்படி நிரூபித்துக் காட்டலாம் என்றால் எனக்குச் சம்மதம்தான், அந்தக் கடைசி மூலையில் நான் நின்று திண்டாடிய நேரத்துக்கெல்லாம் ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. டேத்தம் விளையாட்டையும் இறக்கிவிட்டேன். ஆனால் பழைய எக்ஸ்பர்ட்டை விடமாட்டேன், ஹட்டன் தம்பி சொன்ன நாலு மடங்குக் கணக்கை அதில்தானே பார்க்க முடியும்.

கொழும்பில் நுவரெலியாக்காரன்:

மிஸ், பிள்ளைகள் வரைந்த அந்தப் பட்டை சாதாரணமானதில்லை. நான் சொன்ன கேய் தன் நிரூபணத்தில் முதலில் செய்வதே இந்த மாதிரி ஒன்றுதான்: 1களால் ஆன ஒரு நீளமான பாதை, மூன்று கட்டத்துக்கு ஒருமுறை அதே அமைப்புத் திரும்பும், மொத்தத்தில் இரண்டே நிலைதான் சாத்தியம். ஒரு நுனியில் வெடி எங்கே என்று தெரிந்தால் மறு நுனி வரைக்கும் தெரிந்துவிடும். அவர் அதைக் கம்பி என்று அழைக்கிறார், ஒரு நிலைக்கு 0, மற்றதற்கு 1. அப்புறம் கம்பிகளை வளைத்து, பிரித்து, இரண்டைச் சேர்த்து, கம்பியூட்டருக்குள் 0, 1களை வாங்கி 0 அல்லது 1 என்று விடை தரும் தர்க்கப் படலைகளையே வெடிகளால் கட்டுகிறார். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் உயர்தரத்துக்குப் போகும்போது அந்தப் படலைகளைப் பிள்ளைகள் படிப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒன்று தருகிறேன். 5 கட்டப் பட்டையில் கீழ் வரிசையை 1, 2, 2, 2, 1 என்று மாற்றிக் கொடுங்கள். எந்தக் கட்டத்தை நிச்சயமாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று கேளுங்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.